உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைகளைப் படிப்பது எப்படி: முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

கார்மக் மெக்கார்த்தியின் 'தி ரோடு' நாவலை முடித்த இரண்டாம் நாள் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு டிராலியை இழுத்தேன். முன்சக்கரம் ஒன்று கோணிக்கொண்டு நின்றது. நானும் அப்படியே நின்றுவிட்டேன். நாவலில் ஒரு அப்பாவும் பையனும் இதே மாதிரி டிராலியில் போர்வை, தார்ப்பாய், சில டின்கள் என்று தங்களிடம் மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் போட்டுத் தள்ளிக்கொண்டு, சாம்பல் மூடிய அமெரிக்க நெடுஞ்சாலையில் தெற்கே கடலை நோக்கி நடக்கிறார்கள். அந்த வண்டிக்கும் முன்சக்கரம்தான் தகராறு. "எடுக்குறீங்களா, வழி விடுறீங்களா தம்பி?" என்று பின்னால் இருந்த அம்மா கேட்ட பிறகுதான் நகர்ந்தேன். வாங்கப் போனது தயிர். வாங்கி வந்தது ஐந்து கிலோ அரிசி, ஒரு கட்டுத் தீப்பெட்டி, ஒரு டார்ச். தயிர் மறந்துவிட்டது.

இப்படி ஒரு புத்தகம் ஆளைப் பிடித்துக்கொள்வது எனக்கு மட்டும் நடப்பதல்ல. படிக்கலாமா என்று யோசிப்பவர்கள், பாதியில் நிற்பவர்கள், முடித்துவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர்கள் என எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். பாதியில் நிற்பவர் நேராக மூன்றாம் படிக்குப் போகலாம். கதையின் முக்கியமான இடங்களைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. அது பிடிக்காதவர்கள் இங்கேயே விடைபெறுவது நல்லது.

தொடங்கும் முன்: நம்மை உலுக்குவது எது?

மேரி ஷெல்லி 1826-இல் 'தி லாஸ்ட் மேன்' என்றொரு நாவலை வெளியிட்டார். கொள்ளைநோயில் மனித இனமே அழிந்து கடைசியில் ஒரே ஒருவன் மிஞ்சுகிற கதை. அதை எழுதிய காலத்தில் அவர் ஏற்கெனவே மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்திருந்தார். கணவர் 1822-இல் இத்தாலியக் கடலில் படகோடு மூழ்கிப் போயிருந்தார். 1824 மே 14 அன்று நாட்குறிப்பில், அந்தக் கடைசி மனிதனின் நெஞ்சில் என்ன இருக்கும் என்பது தனக்குத் தெரியும், தன்னோடு இருந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள் என்ற பொருளில் எழுதுகிறார். மறுநாள், நண்பரான கவிஞர் பைரன் கிரேக்கத்தில் இறந்துவிட்ட செய்தி வந்து சேர்கிறது.

மெக்கார்த்தியின் கதை வேறு. அறுபதைத் தாண்டிய வயதில் பிறந்த மகன் அவருக்கு. அவன் மூன்று நான்கு வயதாக இருக்கும்போது எல் பாசோ நகரத்து ஹோட்டல் ஒன்றில் இருவரும் தங்குகிறார்கள். பையன் தூங்குகிறான். அப்பாவுக்குத் தூக்கமில்லை. நள்ளிரவு தாண்டி ஜன்னல் வழியே ஊரைப் பார்க்கிறார். ஐம்பது, நூறு வருடம் கழித்து இந்த ஊர் எப்படி இருக்கும் என்று யோசிக்கும்போது மலைமேல் தீ எரிகிற காட்சி மனதில் வருகிறது. கூடவே தூங்குகிற பையனின் நினைப்பும். 2007-இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் அவரே சொன்னது இது. நாவல் அந்த மகனுக்குத்தான் சமர்ப்பணம்.

ஆக, ஷெல்லிக்கு அது தன்னை விட்டுப் போனவர்களைப் பற்றிய கதை. மெக்கார்த்திக்கு, தான் போன பிறகு தனியாக நிற்கப்போகும் ஒருவனைப் பற்றிய கதை. உலகம் எரிவதெல்லாம் பின்னணித் திரைதான். வாசகருக்கும் அப்படியே. எரிந்த ஊர்களைப் பக்கம் பக்கமாகச் சாதாரணமாகக் கடந்துவிடுகிறோம். ஒரு கை இன்னொரு கையை விட வேண்டி வருகிற இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறோம்.

தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுப் பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தப் பாலையின் உரிப்பொருள் பிரிவு. கலித்தொகையின் பாலைப் பாடல்களான பாலைக்கலியில் ஒரு காடு வருகிறது. வழிப்பறிக்காரர்கள் அம்பெய்து வீழ்த்திய வழிப்போக்கனுக்கு நாக்கு வறண்டுபோகிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை, அவன் கண்ணீரே அவன் நாக்கை நனைக்கிறது. இவ்வளவு கொடூரமான காட்டை எதற்காக வர்ணிக்கிறார்கள்? ஒருவர் ஒருவரைப் பிரிந்து போவதைச் சொல்வதற்காக. மெக்கார்த்தியின் சாம்பல் சாலைக்கும் வேலை அதுதான்.

பிரிகிற அந்தக் கை யாருடையது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கண்டுபிடிக்கத்தான் கீழே வரும் படிகள்.

படி 1: எந்த இருட்டு என்று பார்த்து எடுங்கள்

இருண்ட நாவல்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. ஒவ்வொன்றும் வேறுவேறு இடத்தில் அடிக்கும்.

நெவில் ஷூட்டின் 'ஆன் தி பீச்' 1957-இல் வந்தது. அணுப்போரில் உலகின் வடபாதி முடிந்துவிட்டது. கதிர்வீச்சு மெல்லத் தெற்கே இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மக்கள் காத்திருக்கிறார்கள். எத்தனை மாதம் என்று ஏறக்குறையத் தெரியும். அதற்குள் தோட்டம் போடத் திட்டமிடுகிறார்கள், கார் பந்தயம் நடத்துகிறார்கள். கடைசி நாளுக்கென்று மாத்திரை வழங்கப்படுகிறது. இதில் கொள்ளைக் கூட்டம் கிடையாது, துரத்தல் கிடையாது. ஆனால் வீட்டில் ஒருவருக்கு மருத்துவர் நாள் குறித்துவிட்டார் என்றால், இந்தச் சாதுவான நாவலைப் போலக் கொல்வது வேறு எதுவும் இல்லை.

ஆஸ்திரிய எழுத்தாளர் மார்லென் ஹவுஸ்ஹோஃபரின் 'சுவர்' 1963-இல் ஜெர்மனில் வந்தது. மலைவீட்டில் தங்கப் போன ஒரு பெண் காலையில் எழுந்து பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் சுற்றிலும் நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் எல்லா உயிரும் கல்லாய் உறைந்துவிட்டன. ஒரு நாய், ஒரு பசு, ஒரு பூனையோடு அவள் வாழத் தொடங்குகிறாள். தனியாக வசிப்பவர்களை இது ஒரு வகையில் ஆற்றவும் செய்யும். நாய் வளர்ப்பவர்கள் யோசித்து எடுங்கள். இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

எமிலி செயின்ட் ஜான் மாண்டெலின் 'ஸ்டேஷன் இலெவன்' (2014) இவற்றில் இலகுவானது. கொள்ளைக் காய்ச்சலுக்குப் பிறகு மிஞ்சியவர்களிடையே ஊர் ஊராகப் போய் ஷேக்ஸ்பியர் நாடகம் போடும் குழுவின் கதை. நம்மூர் கூத்து ஜமாவை நினைத்துக்கொள்ளலாம். இந்த வகைக்குப் புதியவர் என்றால் இங்கே தொடங்குங்கள்.

'தி ரோடு' 2006-இல் வெளிவந்து மறுவருடம் புலிட்சர் பரிசு பெற்றது. குழந்தை வைத்திருப்பவர்களையும், அப்பாவை இழந்தவர்களையும் பிடித்து உலுக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று முன்பே சொல்லிவிடுகிறேன்: ஒரு அம்மாவின் தற்கொலை, மனிதரை மனிதர் தின்பது, ஒரு வீட்டின் அடித்தளத்தில் அதற்காகவே அடைத்துவைக்கப்பட்டிருக்கும் ஆட்கள், ஒரு கைக்குழந்தையின் உடல், கடைசியில் அப்பாவின் சாவு. முன்கூட்டிச் சொன்னால் சுவை கெட்டுவிடும் என்பவர்கள் உண்டு. இந்த நாவலில் கெட ஒன்றுமில்லை. அப்பா இருமத் தொடங்கும்போதே முடிவு நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் கூட நடக்கிறோம்.

படி 2: நாள் பாருங்கள்

பஞ்சாங்கத்தில் அல்ல, உங்கள் வீட்டில். நான் இந்தப் புத்தகத்தை வாங்கியபோது மகள் பிறந்து மூன்று மாதம். முப்பது பக்கம் படித்துவிட்டு, நடு ராத்திரியில் எழுந்துபோய் அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மறுநாள் புத்தகம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. திரும்ப இறங்க நான்கு வருடம் ஆனது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. புத்தகம் ஊசிப் போகிற பண்டம் அல்ல.

அண்மையில் ஒரு சாவு நடந்த வீடு, பிரசவம் முடிந்த முதல் வருடம், மனச்சோர்வுக்குச் சிகிச்சை நடக்கும் காலம், இவை மூன்றிலும் தள்ளிப்போடுங்கள்.

இன்னொரு வகை வாசகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1995 அக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து வலிகாமம் மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, மழையில், நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். சைக்கிளில் மூட்டை, மூட்டைமேல் பிள்ளை, கூட்டத்தில் அடியடியாக நகர்ந்த இரவு. பிறகு 2009 வன்னிப் போர். சாலையோரம் தார்ப்பாய்க்குள் ஒதுங்கும் அப்பாவும் பிள்ளையும் அந்த வழியாக வந்தவர்களுக்கு எதிர்காலக் கற்பனை அல்ல. நிலத்தடி ஒளிவிடம் என்று நான் அகராதித் தமிழில் எழுதுவதை அவர்கள் சின்ன வயதிலேயே 'பங்கர்' என்று சொல்லி, அதற்குள் தூங்கியும் இருக்கிறார்கள். படியுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. அட்டையில் நாவல் என்று போட்டிருப்பதை நம்பிக்கொண்டு ஆயத்தமில்லாமல் உள்ளே போய்விட வேண்டாம், அவ்வளவே.

படி 3: உட்கார்ந்து படிக்கும் முறை

பகலில் படியுங்கள். முடிந்தால் ஜன்னலோரம், தெருச் சத்தம் காதில் விழும் இடத்தில். காய்கறி வண்டிக்காரரின் குரல் இந்த நாவலுக்கு நல்ல மாற்று மருந்து. படுக்கையில் வேண்டாம். நான் செய்த பெரிய தப்பு அதுதான். வீடு அடங்கிய பிறகு போன் வெளிச்சத்தில் படித்தால் நாவலின் இருட்டு எங்கே முடிகிறது, அறையின் இருட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

அடுத்தது, நிறுத்தும் இடம். 'தி ரோடு' நாவலில் அத்தியாயம் கிடையாது. துண்டு துண்டான பத்திகள், இடையில் வெற்றிடம், மறுபடி நடை. ஆட்களுக்குப் பெயர் இல்லை. பேச்சுக்கு மேற்கோள்குறி இல்லை, அதனால் பேச்சு எது, நினைப்பு எது என்று சில இடங்களில் குழம்பும். உலகம் எதனால் அழிந்தது என்ற விளக்கமும் இல்லை. ஒரு வெளிச்சம், சில அதிர்வுகள், 1:17-க்கு நின்றுபோன கடிகாரங்கள், அத்தோடு சரி. பற்றிக்கொள்ள ஒரு பிடியும் தராமல் எழுதியிருக்கிறார். எனவே பிடியை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நான் பரிந்துரைக்கும் முதல் நிறுத்தம் அருவி. அப்பாவும் பையனும் குளிரக் குளிர அதில் இறங்கிக் குளிப்பார்கள். அங்கே மூடி வையுங்கள். அதன் பிறகு வரும் அந்த அடித்தள அறைக் காட்சியில் மட்டும் மூடிவிடாதீர்கள். பலரும் அங்கேதான் பயந்து மூடுகிறார்கள். அப்புறம் ராத்திரி முழுக்க அதுதான் கூட வரும். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் போனால், சாகும் பசியில் இருக்கும் இருவரும் மண்ணுக்கடியில் ஓர் ஒளிவிடத்தைக் கண்டுபிடிப்பார்கள். அடுக்கடுக்காக டின் உணவு, போர்வை, அடுப்பு. யாரோ தங்களுக்காகச் சேர்த்துவைத்து, பயன்படுத்தாமலே போய்விட்ட இடம். சாப்பிடும் முன் பையன் அந்த முகம் தெரியாதவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்கிறான். புத்தகத்தின் நடுப்பகுதி இது. இங்கே நிறுத்தி இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். அவர்களும் சில நாள் அங்கே தங்கத்தான் செய்கிறார்கள்.

ஆங்கிலத்தில் படிக்கிறீர்கள் என்றால் தெரியாத சொல் நிறைய வரும். ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறக்காதீர்கள். அந்தப் பையனுக்கும் பாதி உலகம் பெயர் தெரியாததுதான்.

பையன் தன் அப்பாவை அழைக்கும் சொல்லைக் காதால் கேட்டுப் பாருங்கள். பப்பா, பாப்பா, எப்படி உச்சரித்தாலும் தமிழ்க் காதுக்கு அது 'பாப்பா' என்றுதான் விழுகிறது. முதல் ஐம்பது பக்கம் எனக்கு அது உறுத்தலாக இருந்தது. கடைசிப் பக்கங்களில் அப்பா எழ முடியாமல் கிடக்க, பையன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொல்லும்போது உறுத்தவில்லை. யார் யாருக்குப் பாப்பா என்பது அதற்குள் தலைகீழாகிவிட்டது. மெக்கார்த்திக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத பரிசு இது.

படி 4: தொண்டையா, வயிறா?

உணர்ச்சி உடம்பில் தெரிவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். எட்டு மெய்ப்பாடுகளில் இந்த நாவலுக்கு நமக்கு வேண்டியவை இரண்டு: அச்சம், அழுகை. ஒவ்வொன்றும் நான்கு காரணத்தால் வரும் என்கிறார். அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் அவமானம். அசைவு என்றால் பழைய நிலை கெட்டு வருந்துவது.

இதை நாவலோடு வைத்துப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. அங்கே பேய் பிசாசு இல்லை. விலங்குகள் செத்துவிட்டன. அரசனோ அரசாங்கமோ இல்லை. அச்சத்துக்கு மிஞ்சியிருப்பது கள்வர் மட்டும். அழுகைக்கோ நான்கு காரணமும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. பயமுறுத்தும் நாவல் என்று பெயர் வாங்கிய புத்தகம், கணக்குப் பார்த்தால் அழவைக்கும் நாவல்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை மூடும்போதும் அந்தப் பக்க ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதுங்கள். வயிறு இறுகினால் பெரும்பாலும் கள்வர். தொண்டை அடைத்தால் மற்ற நான்கில் ஒன்று. எது என்று முடிவுசெய்ய ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்று இறுக்கம் இரண்டு மூன்று நாளில் போய்விடும். தொண்டையில் நிற்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

என் பிரதியில் முதல் பாதி முழுக்க 'கள்வர்', 'கள்வர்', 'வறுமை'. நடுவே 'இழவு'. மகளை நினைத்து எழுதியவை எல்லாம். கடைசிப் பகுதியில் ஒரு காட்சி. கடற்கரையில் இவர்களுடைய வண்டியைத் திருடிக்கொண்டு போனவனை அப்பா துரத்திப் பிடிக்கிறார். துப்பாக்கியைக் காட்டி அவன் உடுத்தியிருந்த துணியையும் செருப்பையும்கூடக் கழற்றி வண்டியில் போடச் சொல்லி, குளிரில் அம்மணமாக நிற்க விட்டுவிட்டு நடக்கிறார். பையன் அழுகிறான். விடாமல் அழுகிறான். எல்லாவற்றையும் பற்றிக் கவலைப்பட வேண்டியவன் நீ அல்ல என்று அப்பா சொல்ல, நான்தான் என்கிறான் பையன்.

அங்கே மூடிவிட்டு நான் எழுதிய சொல் 'இளிவு'. ஏன் அந்தச் சொல் வந்தது என்று புரிய ஒரு வாரம் ஆனது. 2020 ஊரடங்கில், ஒரு மத்தியான வெயிலில் ஒருவர் எங்கள் கேட்டைத் தட்டித் தண்ணீர் கேட்டார். தோளில் பை, முகத்தில் கைக்குட்டை. நான் மாடியிலிருந்து இறங்காமலே, "அடுத்த தெருவுல குழாய் இருக்கு" என்று சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அது சரியென்றே பட்டது. வீட்டில் குழந்தை இருக்கிறாள் அல்லவா? நாவலில் வரும் அப்பாவுக்கும் அதே காரணம்தான். மகளின் கைக்காகத்தான் இந்தப் புத்தகம் என்னை உலுக்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டில் பட்ட அந்தக் கை என்று நான் நினைக்கவே இல்லை.

உங்கள் பென்சில் சொற்கள் வேறாக இருக்கும். எது அடிக்கடி வருகிறதோ அதைவிட, ஒரே ஒரு முறை வந்து நின்றுவிட்ட சொல்லைப் பாருங்கள்.

படி 5: முடித்த அன்று

1983 நவம்பர் 20 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி 'தி டே ஆஃப்டர்' என்ற படத்தை ஒளிபரப்பியது. அணுகுண்டுகள் விழுந்த பின் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் என்ன ஆகிறது என்பது கதை. ஏறக்குறைய 10 கோடிப் பேர் பார்த்தார்கள். குண்டு விழும் காட்சிக்குப் பிறகு விளம்பர இடைவேளையே கிடையாது. ஒரு மாதத்துக்கு முன்பே தனித் திரையிடலில் பார்த்த அதிபர் ரீகன், படம் தன்னை மிகவும் சோர்வுறச் செய்துவிட்டதாக நாட்குறிப்பில் எழுதினார். ஆனால் எனக்குப் பிடித்த விவரம் வேறு. படம் முடிந்த உடனே அதே தொலைக்காட்சி ஒரு கலந்துரையாடலை நேரலையில் வைத்தது. வானியலாளர் கார்ல் சேகனும் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிஞ்சரும் உட்கார்ந்து வாதிட்டார்கள். இவ்வளவு பேரை இருட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

அதை நாமும் செய்யலாம். கடைசி முப்பது பக்கத்தைத் தொடங்கும் முன்பே, அன்று மாலை பேச ஓர் ஆளைப் பிடித்துவையுங்கள். அவர் நாவலைப் படித்திருக்க வேண்டும் என்றில்லை. "கதை என்ன?" என்று அவர் கேட்க, நீங்கள் சொல்லத் தொடங்கினாலே போதும். எதைச் சொல்லும்போது குரல் மாறுகிறது என்று உங்களுக்கே கேட்கும். படித்தவர் கிடைத்தால், எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், பதில் 'செம' என்றோ 'தாங்கல' என்றோ முடிந்துவிடும். எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள் என்று கேளுங்கள்.

அன்று செய்திச் சேனல் வேண்டாம். நாவலில் இருந்து நேராகப் போர்ச் செய்திக்கும் வெள்ளச் செய்திக்கும் போனால் மனம் இரண்டையும் ஒட்டித் தைத்துவிடும். 2009-இல் வந்த திரைப்படத்தையும் அந்த வாரம் பார்க்காதீர்கள். படம் மோசம் என்பதற்காக அல்ல. உங்கள் மனதில் பையனுக்கு ஒரு முகம் உருவாகியிருக்கும், அதைக் கொஞ்ச நாள் வைத்திருங்கள். சூடாகக் குளியுங்கள். ரசம் சாதம் சாப்பிடுங்கள். கேலிக்குச் சொல்லவில்லை. அந்த ஒளிவிடத்தில் அவர்கள் செய்கிற முதல் காரியங்களில் இவை இரண்டும் உண்டு, ரசம் தவிர.

படி 6: அடுத்த சில வாரங்கள்

பொருள் சேர்க்கும் ஆசை வரும். எனக்கு டார்ச்சில் வந்தது. மனைவி எண்ணிப் பார்த்துவிட்டு, "மூணு இருக்கு, யாருக்கு?" என்றாள். 2021-இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. கோல்டன் ஸ்க்ரிவ்னரும் சக ஆய்வாளர்களும் 310 பேரிடம் நடத்தியது. பேரழிவு, ஜாம்பி வகைப் படங்களை விரும்பிப் பார்ப்பவர்கள் கொரோனாக் காலத்தை மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள், முன்னேற்பாட்டோடும் இருந்தார்கள் என்று அதில் தெரிந்தது. அவசரப்பட்டு இதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது படம் பார்ப்பவர்களைப் பற்றியது. தவிர, படம் பார்த்ததால் உறுதி வந்ததா, உறுதியானவர்கள்தான் அப்படிப் படங்களை விரும்புகிறார்களா என்பதை அந்த எண்கள் பிரித்துச் சொல்லாது.

ஆசையை முழுக்க அடக்கவும் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் முடிகிற ஒரு வேலையாக அதைச் சுருக்குங்கள். சென்னையிலோ கடலூரிலோ இருப்பவர் என்றால் ஆதார், பத்திரம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியின் போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்துங்கள்.

பத்து நாள் கழித்துக் கடைசிப் பத்துப் பக்கங்களை மட்டும் மறுபடி படியுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். அப்பா இறந்த பிறகு பையன் மூன்று நாள் பக்கத்திலேயே இருக்கிறான். பிறகு ஒரு ஆள் வருகிறான். மனைவி, இரண்டு குழந்தைகளோடு வாழ்பவன். பையனை அழைத்துக்கொள்கிறான். இது கதாசிரியர் கடைசியில் இளகிப்போய் வைத்த ஒட்டு என்று பலர் சொல்வார்கள். முதல் வாசிப்பில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் முறை வேறு ஒன்று உறைத்தது. அந்தக் குடும்பம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. யாரைக் கண்டாலும் ஒளிந்துகொள்ளும் அப்பா உயிரோடு இருந்தவரை அவர்கள் நெருங்கி வர வழியே இல்லை. பையன் வழியெல்லாம் கேட்டது அதைத்தான்: அவர்களும் நல்லவர்களாக இருந்தால்? இதில் ஆறுதலும் குத்தலும் ஒன்றாகவே வருகின்றன. கேட்டைத் திறக்காத என்னைப் போன்றவர்களுக்குக் குத்தல் கூடுதல்.

கடைசிப் பத்தியில் மலையோடைகளில் ஒரு காலத்தில் இருந்த மீன்களைப் பற்றி எழுதியிருப்பார். மனிதர் யாரும் இல்லாத பத்தி. முதல் முறை அதை அவசரமாகக் கடந்திருப்பீர்கள். இப்போது வாய்விட்டுப் படியுங்கள். புத்தகம் முழுக்க வராத நிறமும் ஈரமும் அங்கே ஒரு பத்தியில் வந்துவிட்டுப் போகும்.

படி 7: எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

ஓரிரு கெட்ட கனவு, சும்மா கண் கலங்குவது, பிள்ளையை அடிக்கடி தொட்டுப் பார்ப்பது, இதெல்லாம் சாதாரணம். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் சரியாகவில்லை, வேலையில் கை ஓடவில்லை, எதைச் செய்து என்ன என்ற எண்ணம் விடாமல் சுற்றுகிறது என்றால் அது புத்தகத்தின் வேலை அல்ல. ஏற்கெனவே உள்ளே இருந்ததைப் புத்தகம் கிளறிவிட்டிருக்கிறது. மருத்துவரைப் பாருங்கள். அந்த அம்மா எடுத்த முடிவும் மெல்போர்ன் மாத்திரையும் நியாயமாகப் படத் தொடங்கினால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் 14416 (டெலி மானஸ்) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் 1926. புத்தகத்தைப் படித்துத்தான் இப்படி ஆனது என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். காரணம் சின்னதா பெரிதா என்று அவர்கள் எடை போட மாட்டார்கள்.

படி 8: இரவல் கொடுக்கும்போது

பதினைந்து, பதினாறு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 'தி ரோடு' நாவலை நான் தர மாட்டேன். பெரியவர்களுக்குக் கொடுக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லித்தான் கொடுக்கிறேன். முதல் பக்கத்தில் பென்சிலில் எழுதியும் வைத்தேன்: "ராத்திரியில் வேண்டாம்."

பிரதி இதுவரை மூன்று கை மாறி வந்திருக்கிறது. முதலில் வாங்கிப்போன நண்பர் என் வரிக்குக் கீழே, "அருவியில் நிறுத்தவும்" என்று சேர்த்திருந்தார். அப்பாவைப் போன வருடம் இழந்த ஒரு தோழி ஒன்றும் எழுதவில்லை, கடைசிப் பக்கங்களின் ஓரம் மட்டும் கொஞ்சம் ஈரம் பட்டுச் சுருங்கியிருந்தது. நானும் கேட்கவில்லை. மூன்றாமவர் கல்யாணமாகாதவர், தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர், தன்னை இதெல்லாம் ஒன்றும் செய்யாது என்று சொல்லித்தான் வாங்கிப்போனார். இரண்டு மாதம் கழித்துத் திருப்பித் தந்தார். முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து: "டார்ச் வாங்க வேண்டாம். என்னிடம் நான்கு இருக்கிறது."